அதிகாரமும் வரம்பும்

முன்னுரை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு எதைப் பற்றி எழுதுவது என்று எண்ணியபோது, கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதுவார் பலர் இருப்பர் என்பது நினைவுக்கு வந்தது. எனவே கல்வி பெற்றோர் அறிந்திருக்க வேண்டியதும், நம் பாடநூல்கள் சில வரிகளில் கடந்துவிடுவதுமான ஒன்றை எடுத்துக்கொண்டோம். அரசின் அதிகாரத்திற்குச் சட்டம் எவ்வாறு எல்லை வகுத்தது, அந்த எல்லை நம் கடலூர், சிதம்பரம் பகுதி மக்களுக்கு எப்போது, எவ்விதம் பயன்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். நாம் வழக்கறிஞர் அல்லோம். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையிலேயே இதனை எழுத முற்படுகிறோம்.

சிலப்பதிகாரம் அறியாத தமிழர் இலர். பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்லப் பணித்தான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சிலம்பினுள் இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் எளிய ஆய்வு, ஆள் மாண்ட பின்னரே நடந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன். ஆனால் மறுதரப்பைக் கேளாமல் ஆணையிட்டான். இன்றைய நிர்வாகச் சட்டத்தின் முதல் பாடம் இதுவேயாகும்.

நிர்வாகச் சட்டம் என்பது அரசும் அதன் அலுவலரும் தம் அதிகாரத்தைச் செலுத்தும் முறையைக் கட்டுப்படுத்தும் விதிகளின் தொகுதி. அவ்விதிகளை நான்காகச் சுருக்கிக் கூறலாம். முதலாவது, சட்டம் கொடுத்த அதிகாரத்திற்கு உட்பட்டே அலுவலர் செயற்படல் வேண்டும். இரண்டாவது, ஒருவருக்குக் கேடு விளைவிக்கும் ஆணையைப் பிறப்பிக்குமுன் அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். மூன்றாவது, தன் வழக்கிற்குத் தானே நடுவராக எவரும் இருத்தல் ஆகாது. நான்காவது, ஆணைக்கு நேர்மையான காரணம் இருத்தல் வேண்டும். மனம்போன போக்கில் ஆணையிடுதல் கூடாது. இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் இயற்கை நீதி என்று வழங்குவர்.

வரம்பு என்ற சொல் நம் உழவர் வீட்டுச் சொல். வயலுக்கு வரம்பு இல்லையேல் நீர் நில்லாது. பயிருக்கு உதவ வேண்டிய நீரே பயிரை அழித்துவிடும். அரசதிகாரமும் அத்தகையதே.

கேள்வி இல்லாத ஆணைகளின் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க வரலாற்றில் கடலூருக்குத் தனியிடம் உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பெனியார் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கும்பெனியாரின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுவதும் கும்பெனியார் வசமானபின் தென்னார்க்காடு தனி மாவட்டமாயிற்று. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களால் வரி தண்டும் கலெக்டரிடமே நடுவர் அதிகாரமும் காவல் துறையும் ஒப்படைக்கப்பட்டன. வரி விதிப்பவரும், வரி கொடாதவரைப் பிடிப்பவரும், பிடிபட்டவரை விசாரிப்பவரும் ஒருவரே என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. நிர்வாகத்தினின்றும் நீதித்துறையைப் பிரித்தல் வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 50-ஆம் பிரிவு பணித்தது இவ்வனுபவத்தின் விளைவே.

இக்காலத்து ஆணைகளுள் மிகக் கொடியது எதுவென்று கேட்டால் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகளையே சுட்டுவோம். 1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்ட இச்சட்டம், 1911-இல் புதுவடிவம் பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அதில் பிறந்த ஒவ்வொருவரையும் பதிவேட்டில் ஏற்றலாம், கைரேகை எடுக்கலாம், குறித்த நேரத்தில் வந்து பெயர் கொடுக்கச் செய்யலாம், குடியேற்றங்களில் அடைத்தும் வைக்கலாம். குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. நம் மாவட்டத்தைச் சேர்ந்த வேப்பூர்ப் பறையரும் வெள்ளையன்குப்பம் படையாட்சியரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். தென்னார்க்காட்டு அசீஸ் நகர்க் குடியேற்றம் இச்சட்டத்தின் கீழ் ஏற்பட்டதே.

இளைஞர்கள் இங்கே ஒரு விதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இவ்வறிவிக்கை முறைப்படி பிறப்பிக்கப்பட்டதா என்று எந்த நீதிமன்றமும் கேட்டல் ஆகாது என்றும், அறிவிக்கையே அதற்கு முடிவான சான்று என்றும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அரசு சொன்னது, ஆகவே அது மெய் என்பதே அதன் பொருள். பறையரையும் படையாட்சியரையும் ஒரே பட்டியலில் ஏற்றிய அவ்வாணை, எவரையும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வரம்பில்லாத அதிகாரம் இன்று ஒரு தெருவுக்குள் புகும். நாளை அடுத்த தெருவுக்குள்ளும் புகும் என்பதை இரு தெருவாரும் உணர்தல் நன்று. இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது.

எனின், அந்நாளில் உயர் நீதிமன்றம் இல்லையா என்று கேட்கலாம். 1862 முதல் சென்னையில் உயர் நீதிமன்றம் உண்டு. ஆனால் அதன் நீதிப்பேராணை மாவட்டங்களை எட்டவில்லை. பர்லாகிமிடி ஜமீனைச் சேர்ந்த சில சிற்றூர்களின் குடியானவர் நடத்திய வழக்கு இதற்குச் சான்று. அவர்கள் கொடுக்க வேண்டிய தீர்வையை உயர்த்தி, சென்னையிலிருந்த வருவாய் வாரியம் ஆணையிட்டது. அவ்வாணையை நீக்குமாறு குடியானவர் நீதிப்பேராணை வேண்டினர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஆணையிட்ட வாரியம் சென்னை நகரில் இருந்தாலும், வழக்கின் பொருளான நிலமும் மக்களும் நகர எல்லைக்கு வெளியே இருத்தலால், அத்தகைய நீதிப்பேராணை பிறப்பிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்று 1943-இல் முடிவு கூறப்பட்டது.

பர்லாகிமிடிக் குடியானவரின் இந்நிலை கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் ஒக்கும். ஆளை முறையின்றி அடைத்து வைத்தால் விடுவிக்கக் கேட்கும் வழி 1923-இல் மாவட்டங்களுக்கும் நீட்டப்பட்டது. ஆனால் கலெக்டரோ வாரியமோ இட்ட ஆணையை நீக்குமாறு நீதிப்பேராணை கேட்கும் வழி சென்னை நகரத்தார்க்கு மட்டுமே உரியதாயிருந்தது.

1950: எல்லை விரிந்தது

1950 ஜனவரி 26-இல் இந்நிலை மாறியது. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு, உயர் நீதிமன்றம் தன் ஆட்சி எல்லை முழுவதற்கும் நீதிப்பேராணை பிறப்பிக்கலாம் என்றது. 32-ஆம் பிரிவு, அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தையே நேரே நாடும் உரிமையைக் கொடுத்தது. அரசியலமைப்பின் உயிரும் உள்ளமும் போன்ற பிரிவு இதுவே என்று டாக்டர் அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கூறினார். வாக்குரிமை பற்றியும் இட ஒதுக்கீடு பற்றியும் அவர் ஆற்றிய பணியை நாம் அடிக்கடி நினைவு கூர்கிறோம். உரிமை மறுக்கப்பட்டால் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதையும் அவற்றோடு சேர்த்து நினைத்தல் தகும்.

நீதிப்பேராணைகள் ஐந்து. அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்வது ஆட்கொணர்வு. கடமையைச் செய்யாத அலுவலரைச் செய்யுமாறு பணிப்பது செயலுறுத்தும் பேராணை. அதிகார எல்லை மீறுவதைத் தடுப்பது தடையுறுத்தும் பேராணை. தவறான ஆணையை வரவழைத்து நீக்குவது நெறிமுறைக் கேட்பு. எந்தத் தகுதியால் பதவியில் அமர்ந்தாய் என்று கேட்பது தகுதி வினவும் பேராணை. கையெழுத்தில்லாத ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்தில் காரணமின்றிக் கிடக்குமாயின், அதற்கும் இரண்டாவது பேராணைக்கும் தொடர்பு உண்டு என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

ஒரு கல்விச் சங்கம் தொடுத்த வழக்கு

நம் மாநிலத்தில் இப்புதிய அதிகாரம் முதலில் சோதிக்கப்பட்ட பெருவழக்குகளுள் ஒன்று, நம்மைப் போன்ற ஒரு கல்விச் சங்கத்தைப் பற்றியது. சென்னையில் மக்கள் கல்விச் சங்கம் என்ற ஒன்று, 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருந்தது. பயனுள்ள அறிவை, சிறப்பாகச் சமூக அறிவியலை, மக்களிடையே பரப்புதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சங்கம் பொதுவுடைமைக் கட்சிக்குத் துணை செய்கிறது என்று கருதிய சென்னை அரசு, 1950 மார்ச் 10-இல் அதனைச் சட்டவிரோதச் சங்கம் என ஓர் ஆணையால் அறிவித்தது. சங்கத்தின் பொதுச்செயலாளரான வழக்கறிஞர் வி. ஜி. ராவ் உயர் நீதிமன்றத்தை நாடினார். மூவர் அடங்கிய முழு அமர்வு அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையை நீக்கியது. அரசு மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான ஐவர் அமர்வு 1952 மார்ச் 31-இல் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

அத்தீர்ப்பின் காரணங்கள் பயிலத்தக்கவை. சங்கம் அமைத்தல் அடிப்படை உரிமை. அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் இங்கே ஒரு சங்கம் ஆபத்தானது என்று அரசு மனத்தளவில் நிறைவு கொண்டதே போதும் என்றிருந்தது. அறிவிக்கை அரசிதழில் வெளியானதே அன்றி, சங்கத்தார் கையில் சேர்க்கப்படவில்லை. ஆலோசனைக் குழு ஒன்று இருந்தும், அதன்முன் தோன்றித் தம் பக்கத்தை எடுத்துரைக்கச் சங்கத்தார்க்கு உரிமையில்லை. உரிமையைப் பறிக்கும் ஆணையின் நோக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆணை பிறந்த முறையையும் பார்த்தல் வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. குற்றப் பரம்பரை அறிவிக்கையில் எது மறுக்கப்பட்டதோ, அது இங்கே ஒரு சங்கத்திற்கு வழங்கப்பட்டது.

இதற்கு ஓராண்டு முன்னர் வந்த மற்றொரு தீர்ப்பு நமக்குக் கசப்பாக அமைந்தது. மருத்துவ, பொறியியற் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அரசாணையை எதிர்த்துச் சண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 1950-இலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் அவ்வாணை செல்லாது என்றன. தமிழகம் கொந்தளித்தது. அவ்வாண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் இடங்களுக்கு அவ்வுட்பிரிவே அடிப்படை. சாதாரண அரசாணையாக இருந்த உரிமை ஒன்று அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது இதன் பயன் எனலாம்.

மனைப்பட்டா கற்பிக்கும் பாடம்

அரசின் கையைக் கட்டுவது என்றால், நமக்கு உதவும் கையையும் கட்டுவதாகாதா? இக்கேள்வி நம் தெருக்களில் எழுவது இயல்பே. இதற்கு மனைப்பட்டாக்களின் வரலாறு விடை தருகிறது.

ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருக்கி வாழும் நிலை நம் ஊர்களுக்குப் புதிதன்று. சுற்றிலும் பிறருடைய நிலம், மனைக்கு இடமில்லை. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்வழி நிலம் பெறுதல் நெடிய வேலை. எனவே 1978-இல் தமிழ்நாடு சட்டமன்றம் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தை இயற்றியது. நில எடுப்பின் படிகள் இதில் சுருக்கப்பட்டன. நில உரிமையாளர்கள் எதிர்த்து வழக்கிட்டனர். உயர் நீதிமன்றம் சட்டமே செல்லாது என்றது. ஆனந்தி அம்மாள் வழக்கு என வழங்கும் மேல்முறையீட்டில், 1994 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. இழப்பீட்டைத் தவணைகளாகக் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கியது. அவ்வகையில் வெற்றி நமதே.

ஆயினும் சட்டம் நிலைத்தபின், எடுப்பாணைகள் பல ஒவ்வொன்றாக விழுந்தன. காரணம் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நிலத்தை எடுக்குமுன் உரிமையாளரை அழைத்து, ஏன் எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டல் வேண்டும். மாவட்ட ஆட்சியர் நேரே கேட்கலாம். அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலர் கேட்டு, ஆட்சியருக்கு அறிக்கை அனுப்பலாம். முடிவு செய்ய வேண்டியவர் ஆட்சியரே. நடைமுறையில் ஆதி திராவிடர் நலத் தனி வட்டாட்சியர் விசாரித்து அறிக்கை அனுப்புவார். அவ்வறிக்கை உரிமையாளருக்குத் தெரியாமலே ஆட்சியர் அலுவலகத்தில் ஆணை தயாராகிவிடும். சில இடங்களில் அறிவிப்பு உரியவர் கையில் சேர்ந்ததற்குச் சான்று இராது. சில இடங்களில் எதிர்ப்பைத் தள்ளியதற்குக் காரணம் எழுதப்பட்டிராது. அறிக்கையின் நகலை உரிமையாளருக்குக் கொடுத்து, அவர் கூறுவதையும் கருதியே ஆட்சியர் முடிவெடுத்தல் வேண்டும் என்று உயர் நீதிமன்ற முழு அமர்வு 2006-இல் தெளிவாக்கியது. அதற்கு மாறான எடுப்புகள் நீதிமன்றத்தில் நில்லாமற் போயின.

இதனால் இழந்தவர் யார்? கோப்பில் கையெழுத்திட்ட அலுவலர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். மனைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த குடும்பங்களே இழந்தன. நீதிமன்றம் நமக்கு எதிரி என்று சிலர் முடிவுகட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நில உரிமையாளரைக் கேட்டல் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால், நாளை புறம்போக்கு என்று கூறி நம் குடிசைகளை அகற்ற வரும்போது நம்மையும் கேட்கமாட்டார்கள். முறைப்படி அறிவிப்புக் கொடுப்பதற்குச் சில நாளும் சில தாளும் போதும். அதனைச் செய்யாத அலட்சியத்தையே நாம் தட்டிக் கேட்டல் வேண்டும். முறை தவறி வந்த நன்மை நிலைப்பதில்லை. ஆகவே நமக்குச் சார்பான ஆணையைத்தான் நாம் இன்னும் கவனமாகச் சரிபார்த்தல் வேண்டும். இக்கட்டுரையால் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே.

இச்சட்டம் 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம் வந்தபின் புதிய சிக்கலில் அகப்பட்டது. 2019-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்து, அவ்வாண்டே சட்டமன்றம் இயற்றிய மீட்புச் சட்டத்தால் உயிர் பெற்று, 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏற்பையும் அடைந்தது.

சிதம்பரம் கோயில் வழக்குகள்

நந்தனார் பெயரால் நாடறிந்த சிதம்பரத்தில், நடராசர் கோயில் நிர்வாகம் பற்றிய வழக்குகளும் இப்பாடத்தையே கூறுகின்றன. 1951-இல் அரசு பிறப்பித்த அறிவிக்கையைப் பொது தீட்சிதர்கள் எதிர்த்தனர். உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. பின்னர் 1987-இல் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டார். அவ்வழக்கு நெடுங்காலம் நடந்து, 2009-இல் உயர் நீதிமன்றத்தில் அரசு வென்றது. 2014 ஜனவரி 6-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நிர்வாகக் கேடு இருப்பின் அதனைச் சீர்செய்ய அரசு தலையிடலாம். ஆனால் கேடு தீர்ந்ததும் விலகல் வேண்டும். கால எல்லையின்றி நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதனைக் கோயில் நுழைவோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. நிர்வாக உரிமை வேறு. வழிபடும் உரிமை வேறு. 1947-ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டமும், அரசியலமைப்பின் 17, 25-ஆம் பிரிவுகளும் அளித்த உரிமை எந்த நிர்வாகத்தார்க்கும் கட்டுப்பட்டதன்று. ஒரு சமயப் பிரிவின் உரிமையும் பொது மக்களின் நுழைவுரிமைக்கு உட்பட்டதே என்று மூல்கி வேங்கடரமணக் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னரே முடிவு செய்துள்ளது.

முதனையிலிருந்து உயர் நீதிமன்றத்திற்கு

இனி, நம் மாவட்டத்தின் அண்மை வரலாற்றில் மறக்கவியலாத ஒரு வழக்கிற்கு வருவோம். 1993 மார்ச் மாதம். விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த முதனைச் சிற்றூரில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்ற உழைப்பாளி வாழ்ந்தார். அண்டை ஊர் ஒன்றில் நகை திருட்டுப் போயிற்று. கம்மாபுரம் காவல் நிலையத்தார் அவர் குடும்பத்தாரையும் அவரையும் பிடித்துச் சென்றனர். பின்னர் அவர் தப்பி ஓடிவிட்டார் என்று கூறினர். அவருடைய மனைவி பார்வதி அதனை நம்பவில்லை. நிலையத்தில் அவர் அடிபட்டதைக் கண்டவர் அவர். கட்சித் தோழர்களின் துணையுடன் சென்னை சென்று, வழக்கறிஞர் கே. சந்துருவின் வாயிலாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார்.

எழுத்தறியாத ஓர் ஏழைப் பெண்ணின் கேள்வி ஒன்றே: என் கணவர் எங்கே? அக்கேள்விக்கு விடை கூறும் கடமை அரசின்மேல் விழுந்தது. அண்டை மாவட்டத்தில் கிடந்த அடையாளம் தெரியாத உடல் இராசாக்கண்ணுவினுடையது எனத் தெரிய வந்தது. நீதிமன்றம் விசாரணைக்கு ஆணையிட்டு, குடும்பத்திற்கு இழப்பீடும் வழங்கச் செய்தது. குற்ற வழக்கு பல படிகளைக் கடந்து, 2006-இல் உயர் நீதிமன்றத்தில் காவலர்கள் தண்டனை பெற்றனர். அவ்வழக்கறிஞர் பின்னர் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். 2021-இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படத்தால் இவ்வழக்கு உலகறிந்தது. நம் இளைஞர் பலர் அதனைக் கண்டிருப்பர்.

காவலில் மாண்டவரின் குடும்பத்திற்கு அரசே இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்று, ஒரிசாவைச் சேர்ந்த நீலாவதி பெஹரா என்ற தாயின் கடிதத்தின் பேரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1993 மார்ச் மாதத்தில்தான். கைது செய்தவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. கைதின்போது பின்பற்ற வேண்டிய முறைகளை டி. கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கைதுக் குறிப்பேட்டில் சான்றாளர் கையொப்பம் பெறுதலும், உறவினர்க்குத் தெரிவித்தலும், மருத்துவச் சோதனை செய்தலும் அவற்றுள் அடங்கும்.

ஒரு காலத்தில் குறவர் என்று பிறந்ததே குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. நீதிமன்றம் கேட்கக்கூடாது என்று சட்டமே சொல்லிற்று. அதே சமூகத்துப் பெண் ஒருவர் கேட்டதால் அரசு நீதிமன்றத்தில் நின்று விடை கூறிற்று. இதுவே இந்நூற்றாண்டு வரலாற்றின் போக்கு. ஆனால் இராசாக்கண்ணு உயிருடன் திரும்பவில்லை என்பதையும், தீர்ப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைப்பதற்கில்லை. சட்டத்தின் வரம்பு தானே எழுந்து நிற்பதில்லை. அதனைக் காக்க ஆள் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நம் மாவட்டத்துத் தலைவர்கள் இதனை நன்குணர்ந்தவர்கள். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தர் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். காட்டுமன்னார்கோயில் பகுதி தந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, தீண்டாமை பற்றி நாடெங்கும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை தந்தது. சட்டம் ஏட்டில் இருந்தும் நடைமுறையில் இல்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு அலுவலரையும் தண்டிக்க வழி செய்கிறது.

இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டியவை சிலவற்றைக் கூறி அமைவோம்.

முதலாவது, எதனையும் எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக் கோப்பில் வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்த நீதிமன்றத்திலும் சான்று இராது.

இரண்டாவது, மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சாதிச் சான்றிதழையோ உதவித்தொகையையோ பட்டாவையோ நீக்குவதாயின், முன்னறிவிப்பும் விளக்கம் கூற வாய்ப்பும் கொடுத்தல் வேண்டும். சாதிச் சான்றிதழ் ஆய்வில் இம்முறையை உச்ச நீதிமன்றம் 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் விதித்துள்ளது.

மூன்றாவது, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். உயிரையும் உரிமையையும் பற்றியதாயின் 48 மணி நேரத்திற்குள். நம் ஊருக்கு மனை எடுக்கப்படுகிறதா? அறிவிப்புச் சேர்க்கப்பட்டதா, அறிக்கையின் நகல் கொடுக்கப்பட்டதா என்று அப்போதே கேளுங்கள். வழக்கு வந்துவிட்டால், பயனாளிகளாகிய நம்மையும் ஒரு தரப்பாகச் சேர்க்குமாறு மனுச் செய்யலாம்.

நான்காவது, பணம் இல்லை என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். காலம் தாழ்த்துதல் மட்டும் கூடாது. தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நல்ல வழக்கும் தள்ளப்படுவதுண்டு.

நம் கல்விச் சங்கம் இக்கால் நூற்றாண்டில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் மாலைநேர வகுப்பும் தந்தது. இனிவரும் ஆண்டுகளில் ஊருக்கு ஒருவரேனும் அரசாணையைப் படித்து, அதன் எண்ணையும் நாளையும் பிரிவையும் பார்த்து, மனு எழுதவும் வல்லவராய் வளர்தல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் வாரம் ஒருநாள் மாலை, படித்த இளைஞர் இருவர் அமர்ந்து ஊராரின் மனுக்களை எழுதிக் கொடுத்தாலே போதும். அதுவே நல்ல தொடக்கமாகும்.